முகம் தேடும் பிஞ்சுக் கண்கள்: பச்சிளங்குழந்தைக்கு என்ன தெரிகிறது? எல்லை மலைக் கிராமங்கள் தவறவிடக் கூடாத நாள்கள் எவை?

பாலக்காடு: "பிள்ளை முகம் பார்க்கத் தொடங்கிவிட்டது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் நாள், எந்தத் தமிழ்க் குடும்பத்திலும் மகிழ்ச்சிக்குரிய நாளாகும். பிறந்து ஒன்றரை முதல் இரண்டு மாதங்களுக்குள் குழந்தை தாயின் முகத்தை நிலையாக நோக்கி, பதிலுக்குச் சிரிக்கத் தொடங்குகிறது. மருத்துவத்திலும் இது முக்கியமான வளர்ச்சிப் படியாகவே கருதப்படுகிறது. குழந்தை முகம் பார்க்காமல் நாள்கள் கடந்துகொண்டே போனால், கண்ணிலோ பார்வை நரம்பிலோ மூளையிலோ குறை இருக்கக்கூடும் என்பதற்கு அது முதல் அறிகுறியாக அமையலாம்.

ஆனால், அந்த நாள் வரை காத்திருக்க முடியாத நிலைகளும் உள்ளன. பிறவிக் கண்புரையுடன் பிறந்த குழந்தைக்கும், குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் கண்ணைக் காக்கும் காலக்கெடு, முகம் பார்க்கும் நாளுக்கு முன்னரே வந்துவிடுகிறது.

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி வாழும் குடும்பங்களுக்கு இச்செய்தி கூடுதல் முக்கியத்துவம் உடையது. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வாளையாறு ஆகிய சமவெளிப் பகுதிகளிலிருந்து மருத்துவமனைகளை அடைவது எளிது. அட்டப்பாடி, மூணாறு, தேவிகுளம், மறையூர், வட்டவடை, பீர்மேடு ஆகிய மலைப் பகுதிகளில் நிலைமை அவ்வாறில்லை. அங்கே குழந்தைகளுக்கான கண் மருத்துவரைக் காண்பதற்கு, பெரும்பாலும் மலைப்பாதையில் நெடுந்தொலைவு பயணம் செய்ய வேண்டியிருக்கிறது. பச்சிளங்குழந்தைக்கு என்ன தெரிகிறது, முகத்தை அது எவ்வாறு அறிகிறது, எந்தெந்த நாள்களைத் தவறவிடக் கூடாது என்பன குறித்த விவரங்கள் பின்வருமாறு:

முதல் நாளில் தெரிவது என்ன?

பிறந்த குழந்தைக்குக் கண் தெரியாது என்னும் நம்பிக்கை இன்றும் சிலரிடம் உள்ளது. இது சரியன்று. நிறைமாதத்தில் பிறந்த குழந்தை முதல் நாளிலேயே பார்க்கிறது. ஆனால் மங்கலாகப் பார்க்கிறது. அதன் பார்வைக் கூர்மை ஏறத்தாழ 6/120 என்ற அளவிலோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். அதாவது, நல்ல பார்வையுடைய ஒருவர் 120 மீட்டர் தொலைவிலிருந்து காணக்கூடிய ஒன்றை, பச்சிளங்குழந்தை காண வேண்டுமானால் 6 மீட்டர் அளவுக்கு அருகில் இருக்க வேண்டும்.

இதற்குக் காரணம் விழித்திரையில் உள்ளது. நுண்ணிய பார்வைக்குப் பொறுப்பான விழித்திரையின் மையப் பகுதி, பிறக்கும்போது முழு வளர்ச்சி பெற்றிருப்பதில்லை. அங்குள்ள ஒளி உணரும் செல்கள் தடித்தும் இடைவெளி விட்டும் அமைந்துள்ளன. அவை ஒல்லியாகி நெருக்கமாக அடுக்கப்படுவதற்குச் சில ஆண்டுகள் ஆகின்றன. மூளையின் பின்புறத்திலுள்ள பார்வைப் பகுதியும் அதே காலத்தில்தான் தன் இணைப்புகளைச் சீரமைத்துக்கொள்கிறது.

எனவே, முதல் வாரங்களில் குழந்தையின் கவனத்தைக் கவர்வன வெளிர் நிறங்கள் அல்ல. கருப்பும் வெள்ளையும் போன்று வேறுபாடு மிகுந்த எல்லைக் கோடுகளே. முகத்தில் கண், புருவம், நெற்றியில் முடி தொடங்கும் இடம் ஆகியன அத்தகைய எல்லைகள். சுமார் 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளவற்றையே குழந்தை ஓரளவு தெளிவாகக் காண்கிறது. மடியில் கிடத்திப் பாலூட்டும்போது, குழந்தையின் கண்ணுக்கும் தாயின் முகத்துக்கும் இடையே உள்ள தொலைவும் ஏறத்தாழ இதுவே.

முகத்தை நாடும் இயல்பு

பேச முடியாத குழந்தை எதைக் காண்கிறது என்பதை எப்படி அறிவது? அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ஃபான்ட்ஸ் 1960-களின் தொடக்கத்தில் இதற்கு எளிய வழியொன்றைக் கையாண்டார். குழந்தைக்கு மேலே வெவ்வேறு படங்களைக் காட்டி, எந்தப் படத்தை அது எவ்வளவு நேரம் பார்க்கிறது என்று அளந்தார். பிறந்து 10 மணி நேரம் முதல் 5 நாள் வரையான குழந்தைகளும் வெற்று நிறத் தட்டுகளைவிட வடிவங்கள் உள்ள தட்டுகளையே அதிக நேரம் பார்த்தன என்று 1963-இல் வெளியான அவரது ஆய்வு காட்டியது. அவற்றுள் முகப் படம் முன்னிலை பெற்றது.

1975-இல் வெளியான மற்றோர் ஆய்வில், பிறந்து சராசரியாக 9 நிமிடங்களே ஆன 40 குழந்தைகளிடம் சோதனை நடத்தப்பட்டது. முகம் வரையப்பட்ட அட்டையை மெல்ல நகர்த்தியபோது, குழந்தைகள் தலையையும் கண்ணையும் திருப்பி அதைப் பின்தொடர்ந்தன. கண், மூக்கு, வாய் ஆகியவற்றை இடம் மாற்றி வரைந்த அட்டையை அவை அந்த அளவுக்குப் பின்தொடரவில்லை. மனித முகம் எதையும் சரிவரப் பார்த்திராத குழந்தைகள் இவை என்பதால், இம்முடிவு பெரும் கவனம் பெற்றது.

பிரிட்டன் ஆய்வாளர்களான ஜான் மார்ட்டன், மார்க் ஜான்சன் ஆகியோர் 1991-இல் இதற்கு ஒரு விளக்கத்தை முன்வைத்தனர். முகத்தை நாடுவதற்கு இரண்டு அமைப்புகள் வேலை செய்கின்றன என்பது அவர்களது கருத்து. முதலாவது, மூளையின் உட்புறத்தில் பிறவியிலேயே அமைந்துள்ள, முகம் போன்ற வடிவத்தின்பால் கண்ணைத் திருப்பும் அமைப்பு. இரண்டாவது, மூளைப் புறணியில் அனுபவத்தால் உருவாகும், இது யாருடைய முகம் என்று கற்கும் அமைப்பு. முதல் அமைப்பு கண்ணை முகத்தின் மீது நிறுத்துகிறது. அதைக் கொண்டு இரண்டாவது அமைப்பு பாடம் கற்கிறது. பிறந்தவுடன் காணப்படும் முகத்தைப் பின்தொடரும் இயல்பு, முதல் மாதத்துக்குப் பின் சற்றுத் தணிந்து, இரண்டாம் மாதத்தில் வேறு வடிவில் வலுப்பெறுவதற்கும் இதுவே காரணம் என்று அவர்கள் கூறினர்.

இதில் மாற்றுக் கருத்தும் உண்டு. இத்தாலியின் பதுவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கீழ்ப்பகுதியைவிட மேல்பகுதியில் அதிகக் கூறுகள் உள்ள எந்த வடிவத்தையும் பச்சிளங்குழந்தைகள் விரும்பிப் பார்க்கின்றன என்று கண்டறிந்தனர். மேலே இரண்டு கண்களும் கீழே ஒரு வாயும் கொண்ட முகம் இயல்பாகவே இந்த வரையறைக்குள் அடங்கிவிடுகிறது. பிறவியில் அமைந்திருப்பது முகம் பற்றிய அறிவா, அல்லது முகத்துக்குப் பொருந்திவரும் பொதுவான விருப்பமா என்பதில் விவாதம் தொடர்கிறது. குழந்தையின் கண் முகத்தை நாடுகிறது என்பதில் ஐயமில்லை.

தாயின் முகத்தை எவ்வாறு அறிகிறது?

பிறந்து சில நாள்களே ஆன குழந்தை, அயலாரின் முகத்தைவிடத் தாயின் முகத்தை அதிக நேரம் நோக்குகிறது என்பது 1980-களின் இறுதியில் நடந்த ஆய்வுகளில் தெரியவந்தது. ஆனால் அது காண்பது நாம் காணும் முகம் அன்று. 1995-இல் நடந்த ஓர் ஆய்வில், தாய்மார்களின் தலைமுடியைத் துணியால் மறைத்தபோது, நான்கு நாள் குழந்தைகளால் தாயை வேறுபடுத்தி அறிய முடியவில்லை. தொடக்கத்தில் முகத்தின் வெளிவடிவமும் முடி தொடங்கும் கோடுமே அவற்றுக்கு அடையாளமாக உள்ளன. கண், மூக்கு, வாய் ஆகிய உள்ளுறுப்புகளின் நுட்பங்களைக் குழந்தை பின்னரே கற்கிறது.

தாயின் குரலுக்கும் இதில் பங்கு உண்டு. கருவிலிருக்கும்போதே கேட்டுப் பழகிய குரலைப் பிறந்த குழந்தை அடையாளம் காண்கிறது. பிறந்தபின் தாயின் பேச்சைக் கேட்காமல் முகத்தை மட்டும் கண்ட குழந்தைகள், அம்முகத்துக்கு முன்னுரிமை காட்டவில்லை என்று 2005-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. ஏற்கெனவே அறிந்த குரலின் துணைகொண்டே புதிய முகத்தை குழந்தை கற்றுக்கொள்கிறது எனலாம். பாலூட்டும்போதும், காலை நீட்டி அமர்ந்து குளிப்பாட்டும்போதும் குழந்தையிடம் பேசிக்கொண்டே இருக்கும் நம் வீட்டு வழக்கம், இந்த வகையில் பொருள் பொதிந்தது.

மாதவாரியான வளர்ச்சி

நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் பார்வை வளர்ச்சி பொதுவாகப் பின்வருமாறு அமையும். ஓரிரு வார வேறுபாடு இயல்பானது.

• பிறப்பு முதல் 1 மாதம்: ஒளியை நோக்கித் திரும்பும், அருகிலுள்ள முகத்தைச் சிறிது நேரம் பார்க்கும். கண்கள் அவ்வப்போது ஒன்றுக்கொன்று விலகித் தெரியலாம்.
• 6 முதல் 8 வாரம்: முகத்தை நிலையாக நோக்கும், கண்ணோடு கண் பார்க்கும், பார்த்துச் சிரிக்கும்.
• 3 முதல் 4 மாதம்: நகரும் பொருளைத் தொடர்ந்து பார்க்கும், தன் கையைப் பார்க்கும், இரு கண்களும் ஒரே நேராக நிற்கும்.
• 4 முதல் 6 மாதம்: தொலைவின் ஆழத்தை உணரும், பார்த்த பொருளை எட்டிப் பிடிக்கும்.
• 6 முதல் 9 மாதம்: பழகிய முகங்களையும் புதிய முகங்களையும் தெளிவாகப் பிரித்தறியும்.

இக்காலத்தில் குழந்தையின் அறிவு விரிவது மட்டுமன்றி, ஒருவகையில் குறுகவும் செய்கிறது. ஆறு மாதக் குழந்தைகளால் ஒரு குரங்கின் முகத்தை மற்றொரு குரங்கின் முகத்திலிருந்து வேறுபடுத்த முடிந்தது. ஒன்பது மாதக் குழந்தைகளால் அது முடியவில்லை என்று 2002-இல் வெளியான ஆய்வு காட்டியது. அன்றாடம் காணும் முகங்களில் தேர்ச்சி பெறும்போது, தேவைப்படாத திறனை மூளை கைவிடுகிறது.

தொடக்கத்திலேயே ஒளி தடைபட்டால்?

இவ்வளவு கற்றலும் நடைபெற, கண்ணுக்குள் ஒளி தடையின்றிச் செல்ல வேண்டும். பிறவிக் கண்புரையில் கண்ணின் வில்லை வெண்மையாகிவிடுவதால், விழித்திரையில் தெளிவான உருவம் விழுவதில்லை. கருவுற்ற காலத்தில் தாய்க்கு ஏற்படும் ரூபெல்லா தொற்று, மரபுவழிக் காரணங்கள் ஆகியவற்றால் இது உண்டாகலாம்.

கனடாவில் இத்தகைய கண்புரையுடன் பிறந்து, இரண்டு முதல் ஆறு மாதங்களுக்குள் சிகிச்சை பெற்ற 14 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2001-இல் வெளியானது. சிகிச்சைக்குப் பின் குறைந்தது ஒன்பது ஆண்டுகள் பார்வையுடன் வாழ்ந்தும், கண்களுக்கும் வாய்க்கும் இடையேயான இடைவெளி போன்ற நுண்ணிய வேறுபாடுகளைக் கொண்டு முகங்களைப் பிரித்தறிவதில் அவர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்தனர். அவர்கள் நினைவில் பதியாத அந்தச் சில மாதங்களின் இழப்பு, பல ஆண்டுகளுக்குப் பின்னும் தடயத்தை விட்டிருந்தது.

இதனால்தான் பார்வையை மறைக்கும் அளவுக்கு அடர்த்தியான பிறவிக் கண்புரையைப் பொதுவாகப் பிறந்த 6 முதல் 8 வாரங்களுக்குள் அகற்றிவிட வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர். அறுவைச் சிகிச்சைக்குப் பின் கண்ணாடி அல்லது கான்டாக்ட் லென்ஸ், தேவைப்பட்டால் நல்ல கண்ணைச் சில மணி நேரம் மறைத்து வைக்கும் பயிற்சி ஆகியவற்றையும் தொடர வேண்டும். முகம் பார்க்கவில்லையே என்று இரண்டாம் மாத இறுதியில் ஐயம் எழும்போது, இக்கெடு முடியும் தறுவாயில் இருக்கும். ஒரு கண்ணில் மட்டும் புரை இருந்தாலோ, மறு கண்ணால் குழந்தை முகம் பார்த்துவிடும், ஐயமே எழாது.

பிறந்தவுடன் கண்மணிக்குள் ஒளியைச் செலுத்தி, உள்ளிருந்து செந்நிற ஒளி சீராகத் திரும்புகிறதா என்று பார்க்கும் சோதனை இதற்குத் தீர்வாகும். ஓரிரு நிமிடங்களில் முடியும் இச்சோதனையில் வலி இல்லை. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முன் இது செய்யப்பட்டதா என்று பெற்றோர் கேட்டறிவது நல்லது.

தாமதமானாலும் கைவிட வேண்டியதில்லை: டெல்லி ஆய்வு தரும் நம்பிக்கை

காலம் கடந்துவிட்டால் சிகிச்சையே வீண் என்று முன்பு பலர் கருதினர். அக்கருத்தை மாற்றிய ஆய்வு இந்தியாவில் நடந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியரான பவன் சின்ஹா, டெல்லியில் உள்ள டாக்டர் ஷ்ராஃப் அறக்கட்டளைக் கண் மருத்துவமனையுடன் இணைந்து 'பிரகாஷ்' என்னும் திட்டத்தை முன்னெடுத்தார். பிறவியிலேயே பார்வையிழந்து, சிகிச்சை பெறாமல் வளர்ந்த சிறார்களுக்கு அறுவைச் சிகிச்சை அளிப்பதும், புதிதாகப் பார்வை பெற்றபின் அவர்கள் எவ்வாறு காணக் கற்கிறார்கள் என்று ஆராய்வதும் இதன் நோக்கங்கள்.

பார்வை பெற்ற தொடக்கத்தில், இது முகம், இது முகமன்று என்று பிரித்தறிவதே இச்சிறார்களுக்குக் கடினமாக இருந்தது. மாதங்கள் செல்லச் செல்ல அத்திறன் மேம்பட்டது என்று 2017-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. பல ஆண்டுகள் கழித்துப் பார்வை பெற்றாலும் மூளை கற்கும் என்பதற்கு இது சான்று. எனினும், அவர்களது பார்வைக் கூர்மை முழுமையாகத் திரும்புவதில்லை.

இக்குழுவினர் 2018-இல் மற்றொரு கருத்தையும் முன்வைத்தனர். பச்சிளங்குழந்தையின் மங்கல் பார்வை குறைபாடன்று, அது ஒரு பயிற்சி முறையாக இருக்கலாம் என்பதே அது. முதலில் மங்கலான முகப் படங்களையும் பின்னர் தெளிவான படங்களையும் கொண்டு கணினி வலைப்பின்னலைப் பயிற்றுவித்தபோது, தொடக்கம் முதலே தெளிவான படங்களால் பயிற்றுவிக்கப்பட்ட வலைப்பின்னலைவிட அது பரந்த அளவில் முகங்களை அறிந்தது. மங்கலாகத் தொடங்குவதால், குழந்தை நுண்கூறுகளில் சிக்காமல் முகத்தை முழுமையாகக் காணப் பழகுகிறது என்பது இவர்களது கருதுகோள். பிந்திப் பார்வை பெறும் சிறார்களுக்கு இந்த மங்கல் தொடக்கம் வாய்ப்பதில்லை.

குறைமாதக் குழந்தை: 30 நாள் கெடு

விழித்திரையின் இரத்தக் குழாய்கள் கருவின் 16-ஆம் வாரம் அளவில் வளரத் தொடங்கி, விளிம்பை முழுமையாக எட்ட ஏறத்தாழ 40 வாரங்கள் ஆகின்றன. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு இவ்வளர்ச்சி பாதியில் நிற்கிறது. உயிர்காக்கத் தரப்படும் ஆக்சிஜன் அளவு மிகுந்தாலும் பாதிப்பு கூடுகிறது. பின்னர் முறையற்ற குழாய்கள் முளைத்து, இரத்தக் கசிவு உண்டாகி, இறுதியில் விழித்திரையே பிரிந்து நிரந்தரப் பார்வையிழப்பு நேரலாம். இதுவே குறைமாத விழித்திரை நோய் எனப்படுகிறது.

தொடக்க நிலையில் இந்நோய்க்கு வெளித்தெரியும் அறிகுறி எதுவும் இல்லை. கண் பார்ப்பதற்கு இயல்பாகவே இருக்கும். எனவே இந்தியாவில் 34 வாரங்களுக்கு முன்போ 2,000 கிராமுக்குக் குறைந்த எடையிலோ பிறந்த குழந்தைகளுக்கு, பிறந்த 30 நாள்களுக்குள் முதல் விழித்திரைப் பரிசோதனை நடைபெற வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. 28 வாரங்களுக்கு முன்போ 1,200 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்திருந்தால், இரண்டு முதல் மூன்று வாரங்களுக்குள் பரிசோதிக்க வேண்டும். சிகிச்சை தேவை எனத் தெரிந்தால், லேசர் அல்லது கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்தை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் அளிக்க வேண்டும்.

பெற்றோர் ஏமாறும் இடம் ஒன்று இங்குண்டு. குறைமாதக் குழந்தையின் வளர்ச்சியைப் பிறந்த நாளிலிருந்து கணக்கிடாமல், பிரசவத்துக்குக் குறித்திருந்த நாளிலிருந்து கணக்கிட வேண்டும் என்று மருத்துவர்கள் கூறுவர். அது சரியே. பத்து வாரம் முந்திப் பிறந்த குழந்தை, நான்கு மாதத்தில்தான் முகம் பார்த்துச் சிரிக்கக்கூடும். ஆனால் விழித்திரைப் பரிசோதனைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அதன் கெடு பிறந்த நாளிலிருந்தே தொடங்குகிறது. 'குறைமாதப் பிள்ளை, மெதுவாகத்தான் பார்க்கும்' என்று காத்திருக்கும் மாதங்களில் நோய் முற்றிவிட வாய்ப்புண்டு.

எல்லைப் பகுதிகளின் நிலை

அட்டப்பாடியில் நிகழ்ந்த சிசு மரணங்கள் 2013-இல் நாடு முழுவதும் கவனத்தை ஈர்த்தன. தாய்மார்களின் ஊட்டச்சத்துக் குறைவும் குழந்தைகளின் குறைந்த பிறப்பு எடையும் அப்போது பெரிதும் பேசப்பட்டன. எடை குறைந்தும் மாதம் நிறையாமலும் பிறக்கும் குழந்தைகளைக் காப்பாற்றும் பராமரிப்பு மேம்படும்போது, உயிர் பிழைத்த அக்குழந்தைகளின் விழித்திரையைக் காப்பதும் அதன் தொடர்ச்சியான கடமையாகிறது.

எல்லைப் பகுதிகளில் மற்றொரு சிக்கலும் உள்ளது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். பிறந்த வீடு தேனியிலோ உடுமலையிலோ கோவையிலோ இருக்க, புகுந்த வீடு மறையூரிலோ மூணாற்றின் லயங்களிலோ அகளியிலோ இருக்கலாம். குழந்தை ஒரு மாநிலத்து மருத்துவமனையில் பிறந்து, மறு மாநிலத்து வீட்டுக்குத் திரும்புகிறது. முப்பதாம் நாள் பரிசோதனை அந்த இடைவெளியில் நழுவிவிடக்கூடும். மருத்துவமனைக் குறிப்பில் பிறந்த வாரம், எடை, அடுத்த கண் பரிசோதனைத் தேதி ஆகிய மூன்றும் எழுதப்பட்டுள்ளனவா என்று பார்த்து, அதை ஊரிலுள்ள ஆஷா பணியாளரிடம் காட்டுவது அவசியம்.

கேரள அரசு 'சலபம்' என்னும் திட்டத்தின்கீழ்ப் பிறந்த குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடுகள் குறித்த பரிசோதனைகளை நடத்துகிறது. மத்திய அரசின் தேசியச் சிறார் நலத் திட்டம் 2013 முதல் நடைமுறையில் உள்ளது. பிறவிக் கண்புரையும் குறைமாத விழித்திரை நோயும் அதன் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. எல்லைக்கு அப்பால், கோவையிலும் தேனியிலும் அரவிந்த் கண் மருத்துவமனைகளும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் உள்ளன.

குழந்தையை மருத்துவரிடம் கொண்டுசெல்வதற்குப் பதிலாகக் கேமராவைக் குழந்தையிடம் கொண்டுசெல்லும் முறையும் பயன்பாட்டில் உள்ளது. பயிற்சி பெற்ற பணியாளர் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கே சென்று விழித்திரையைப் படமெடுக்க, நகரிலுள்ள மருத்துவர் அதைப் பார்த்து முடிவு சொல்கிறார். கர்நாடகத்தில் பெங்களூரு நாராயணா நேத்ராலயா 2008 முதல் இம்முறையைக் கிராமப்புற மாவட்டங்களுக்குக் கொண்டுசென்றது. கோவை அரவிந்த் கண் மருத்துவமனையும் வாகனத்தின் மூலம் இப்பணியை மேற்கொண்டு வருகிறது. மலைப் பகுதிகளுக்கு மிகவும் பொருந்தும் வழி இதுவே.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

கீழ்க்காண்பனவற்றுள் ஏதேனும் தென்பட்டால், தாமதமின்றிக் கண் மருத்துவரை அணுக வேண்டும்:

• கண்மணியில் வெண்மை தெரிதல். ஒளிப்படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மறு கண் வெள்ளையாகவும் விழுதல். இது கண்புரையாக மட்டுமன்றி, உயிருக்கு ஆபத்தான விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம்.
• இரண்டு மாதம் நிறைந்தும் முகம் பார்க்காமை.
• நான்கு மாதத்துக்குப் பின்னும் மாறுகண் நீடித்தல்.
• கண்கள் இடைவிடாமல் ஆடிக்கொண்டிருத்தல். குழந்தை தன் கண்ணைக் கையால் அழுத்திக்கொண்டே இருத்தல்.
• வெளிச்சத்தைக் கண்டு மிகுதியாகக் கூசுதல். கருவிழி பெரிதாகவோ மங்கலாகவோ தெரிதல்.

கண்ணுக்குள் மை இடுவதையும், தாய்ப்பால், எண்ணெய் போன்றவற்றை விடுவதையும் தவிர்க்க வேண்டும். இவற்றால் தொற்று ஏற்படலாம். தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசியை உரிய காலத்தில் போடுவது, அடுத்த தலைமுறையின் பிறவிக் கண்புரையைத் தடுக்கவும் உதவுகிறது. கேரளத்தில் மருத்துவ ஆலோசனைக்கு 'திஷா' உதவி எண் 1056-ஐயும், தமிழ்நாட்டில் 104-ஐயும் அழைக்கலாம்.

குழந்தை முகம் பார்க்கத் தொடங்கும் நாளுக்காகக் குடும்பம் காத்திருப்பது இயல்பு. நிறைமாதக் குழந்தைக்கு வீடு திரும்பும் முன் கண்ணொளிச் சோதனை, குறைமாதக் குழந்தைக்கு முப்பது நாள்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை ஆகியவற்றை அதற்கு முன்பே முடித்துவிட்டால், அந்தக் காத்திருப்பில் அச்சம் இருக்காது.